பந்தல் வாசல் வரைக்கும்

திருநகர், மதுரை
20.9.1998

மரியாதைக்குரிய ஹம்சவேணி அம்மாவுக்கு,

முத்திருளன் எழுதுவது. பக்கத்து வீட்டு ராதாமணி அம்மாவிடம் உங்கள் பெங்களூர் விலாசம் கேட்டேன். எதுக்கு என்றார்கள். மன்றத்து விஷயம் என்றேன். பாதி உண்மைதான்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். காலையில் உங்கள் மகன் கார் வந்ததையும், நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதையும் பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

போன ஞாயிறு நம் மூத்தோர் மன்றக் கூட்டம் நடந்தது. கண் டாக்டரைக் கூப்பிட்டிருந்தேன். திரை கட்டி, கண்புரை எப்படி வரும் என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கரண்டு போய்விட்டது. வாசகசாலை மாடியில் இருட்டுக்குள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருத்தர், "டாக்டரு செஞ்சே காட்டிட்டாரப்பா" என்றார். சனம் சிரித்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு. அம்புட்டுச் சிரிப்பிலும் உங்கள் சிரிப்பு இல்லாதது எனக்கு மட்டும் கேட்டது.

போன மாதம் மன்றத்தில் போட்ட அந்தத் தீர்மானத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது வெறும் காகிதம். நாலு மாசம் போனால் போட்டவர்களே மறந்துவிடுவார்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எப்போது திரும்பி வருவீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
முத்திருளன்


பெங்களூர்
2.10.1998

செயலாளர் அவர்களுக்கு,

வெறும் காகிதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

தீர்மானம் போட்ட அன்று நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். தலைவர் வெங்கடரமணன் எழுந்து, "பெண் உறுப்பினர்கள் இனிமேல் கணவருடனோ பிள்ளைகளுடனோ மட்டும்தான் கூட்டங்களுக்கும் சுற்றுலாவுக்கும் வர வேண்டும், மன்றத்துக்கு ஒரு மானம் மரியாதை உண்டு" என்றார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் அவர். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவர். மன்றத்தில் புருஷன் இல்லாமல், பிள்ளையும் ஊரில் இல்லாமல், தனியாக வருகிற பொம்பளை நான் ஒருத்திதான் என்று அங்கே யாருக்குத் தெரியாது? என் பேரைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேர் சொல்லாமல் அடித்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். லைனில் ஆள் இருந்துகொண்டே பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூச்சு மட்டும் கேட்கும்.

அன்று சாயங்காலமே வெங்கடரமணன் என் மகன் விஜய்ஆனந்துக்குப் போன் போட்டுவிட்டார். மன்றத்துக் குற்றாலச் சுற்றுலாவில் நடந்ததாக என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மகனும் சொல்லவில்லை. காரில் ஓசூர் வரும்வரை என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் வந்தான்.

இனிமேல் எழுத வேண்டாம்.

ஹம்சவேணி


திருநகர்
14.10.1998

அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

குற்றாலத்தில் என்ன நடந்தது? பேரருவியில் குளித்துவிட்டு வரும்போது உங்களுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வேனில் ஐந்தருவிக்குப் போனார்கள். ஒரு அம்மாவைத் தனியாக விட்டுட்டுப் போகக் கூடாது என்று நான் இருந்தேன். சாரல் அடித்தது. பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். என் வீட்டுக்காரி முத்துத்தாய் சாவதற்கு முன்னால் என்னைத் திட்டிய திட்டைச் சொன்னேன். "நான் போனப்புறம் உனக்கு வேட்டி கட்டிவிட ஆள் தேடாத, இடுப்பு இருக்கு, கயிறு இருக்கு" என்று அவள் சொன்னதைச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். அந்த நேரம் வேன் திரும்பி வந்தது. அம்புட்டுத்தான் நடந்தது. நீங்கள் சிரித்ததைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

இதை அன்றைக்குக் கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி பகலாக யோசிக்கிறேன். வேளாண்மைத் துறையில் இருந்தபோது கலெக்டர் முன்னால் நின்று மறுத்துப் பேசியவன் நான். ஆனால் அப்போது என் சோற்றை நான் தின்றேன். இப்போது மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். சத்யப்ரியா தங்கமான பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கப்பலூரில் சின்னப் பட்டறை, ஊரில் நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கிப் பிழைக்க வேண்டியவர். "அப்பா, நாலு பேரு பேசற மாதிரி வச்சுக்காதீங்க" என்று கூட்டத்துக்கு முந்தின நாளே சொல்லியிருந்தாள். தலையாட்டியிருந்தேன்.

சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சாக்குத்தான்.

இந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வக்கீல் வந்து உயில் எழுதுவது பற்றிப் பேசினார். கேரம் போர்டில் தூசி. சுந்தரம்மாளும் அவர் வீட்டுக்காரரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜோடியாய் வருகிற பெண்களும் குறைந்து போனார்கள். அடுத்தது யாரோ என்று பயமாக இருக்கும்போல.

தீபாவளி வருகிறது. நல்லபடியாக இருங்கள்.

முத்திருளன்


பெங்களூர்
29.11.1998

முத்திருளன் சாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆனால் இங்கே பேச ஆளில்லை சார். உண்மை அதுதான்.

நான்காவது மாடி. மகனும் மருமகளும் எட்டு மணிக்குப் போய்விடுவார்கள். பேரன் மூன்று மணிக்கு ஸ்கூல் வேனில் வருவான். வந்தவன் இங்கிலீஷில் ஏதோ கேட்பான், நான் பதில் யோசிப்பதற்குள் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான். நடுவில் லிஃப்ட் ஓடும் சத்தம். நம் மாடியில் நிற்கிறதா என்று காது கொடுப்பேன். நிற்பதில்லை. ஒரு காலத்தில் தெரியாத ஊரெல்லாம் என் காதுக்குள் இருந்தது. சாத்தூர்க்காரன் சண்டை போடுவான், காரைக்குடிக்காரர் கெஞ்சுவார். இப்போது வீட்டுப் போன் ஹாலில் இருக்கிறது. மணி அடித்தால் மருமகள்தான் எடுப்பாள். கெட்டவள் இல்லை. "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்" என்பாள்.

எனக்குப் பொழுது போகவில்லை என்று மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப் போனான். அங்கே நம்மைப் போல ரிட்டயர் ஆனவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கி 'ஹா ஹா' என்று சிரிக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாம். என்னையும் நிறுத்தினார்கள். எல்லோர் வாயும் சிரித்தது, கண் அப்படியே இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று மகன் கையைப் பிடித்தேன்.

இப்போது எழுத வந்ததைச் சொல்கிறேன். திருநகர் வீட்டை விற்க ஏற்பாடு நடக்கிறது. சிம்மக்கல்லில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு என் பேரில் இருக்கிறது, நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பொங்கல் கழித்துப் பத்திரம் என்கிறான் மகன். மாட்டேன் என்றேன். "அங்க தனியா இருந்து என்னம்மா செய்வ, அங்க உனக்கு யார் இருக்கா" என்று கேட்கிறான். முன்பு என்றால் மன்றம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் நம் ஆண்டு விழா வருமே. அன்றைக்கு நான் வருகிறேன். பந்தல் வாசலில் வந்து நிற்பேன். நீங்கள் மேடையிலிருந்து இறங்கி, வாசல் வரைக்கும் வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "வாங்க ஹம்சவேணி அம்மா" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார வேண்டாம். பேச வேண்டாம். ஒரு ஆள் என்னை உள்ளே கூப்பிட்டால் அந்த ஊரில் எனக்கு இடம் இருக்கிறது என்று மகனிடம் தைரியமாகச் சொல்லுவேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். வருத்தப்பட மாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஹம்சவேணி


திருநகர்
8.12.1998

அன்புள்ள ஹம்சவேணி அம்மாவுக்கு,

முடியும். கண்டிப்பாக முடியும். இம்புட்டுச் சின்ன விஷயத்தைக் கேட்க இம்புட்டுத் தூரம் யோசித்தீர்களே என்றுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விழா ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. வாசகசாலைக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் பந்தல். சிறப்புப் பேச்சாளராக ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். 'முதுமை ஒரு வரம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். நல்லாச் சிரிக்க வைப்பாராம். வரவேற்புரை என்னுடையது, நன்றியுரையும் என்னுடையது. அதனால் மேடையிலேதான் இருப்பேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். உங்களைப் பார்த்த நிமிஷம் இறங்கி வாரேன்.

நேற்று ராத்திரி சத்யப்ரியாவிடமும் சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்தால்தானே தப்பு. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டை விற்க வேண்டாம் அம்மா. உறுதியாக இருங்கள்.

முத்திருளன்


பெங்களூர்
3.2.1999

செயலாளர் அவர்களுக்கு,

மீனாட்சியைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருக்கும் சாமான்களையும் பிரித்து வைத்துவிட்டு வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டைத் திறந்து, கூட்டி, வாசலில் ஒரு கோலம் போட்டேன். ராதாமணி காபி கொடுத்தாள். என் மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தரை மணிக்குப் பந்தல் வாசலில் நின்றேன். பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். தோளில் புது அங்கவஸ்திரம். என்னைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்த்தீர்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள், மறுபடி மாட்டிக்கொண்டு பேராசிரியர் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

பேச்சு முடியட்டும் என்று நின்றேன். பேச்சின் நடுவில் எழுந்து வருவது மரியாதை இல்லைதானே. வெங்கடரமணன் சம்சாரம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவளும் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. போய் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. உட்காரவா நான் வந்தேன்?

பேராசிரியர், "பேச ஒரு ஆள் இருந்தால் மனிதனுக்கு முதுமையே கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அதற்கு மேல் முழங்கால் தாங்கவில்லை. போய்விட்டேன்.

மறுநாள் மகனுக்கு நானே போன் செய்து வரச் சொன்னேன். பத்திரம் முடிந்துவிட்டது. சிம்மக்கல்காரர் நல்ல மாதிரி. "ஏதாவது எடுத்துக்கணும்னா எடுத்துக்குங்கம்மா" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முடியாது என்றால் முடியாது என்று எழுதச் சொன்னேன். அதைக்கூட நீங்கள் எனக்குச் செய்யவில்லை.

ஹம்சவேணி


திருநகர்
14.2.1999

அம்மாவுக்கு,

பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுத மாட்டேன்.

முன் வரிசையில் சத்யப்ரியாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை ஒரு கூட்டத்துக்கும் அவர்கள் வந்ததில்லை. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கூட ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தவள் மகள்தான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை அவள். சம்பந்தகாரர்களைக் கொண்டுவந்து எனக்கு எதிரே உட்கார வைத்தாள், அம்புட்டுத்தான். நான் இறங்கி வாசலுக்கு வந்திருந்தால் அவர்களைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பேச்சு முடியட்டும், இறங்கலாம் என்று நினைத்தேன். அந்த மனுஷன் முடிக்கிறேன் முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார். நல்லதாப்போச்சு, இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று உள்ளுக்குள்ளே ஒரு குரல் கேட்டதே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் உட்கார்ந்தபோது வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. என்னை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நன்றி சொன்னேன். பந்தல் போட்டவர், சுண்டல் அவித்த சோலையம்மாள், மைக் செட்டுக்காரர், ஒரு ஆள் விடாமல் சொன்னேன். நல்லாப் பேசினீங்க மாமா என்று மாப்பிள்ளை சொன்னார்.

இந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டும் என்றேன். பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வெங்கடரமணன், "எடுத்துட்டாப் போச்சு சார், இப்ப அது யாருக்கு வேணும்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரே நிமிஷத்தில் முடிந்துபோனது. நீங்கள் இல்லாத மன்றத்தில் அந்தத் தீர்மானம் எதற்கு? செயலாளர் பதவியை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். மாடிப்படியில் யாரும் பின்னால் வரவில்லை.

உங்கள் வீட்டு வழியாகத்தான் இப்போதும் காலை நடைக்குப் போகிறேன். புது ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிவிட்டேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு மேலே வந்துவிடும். தட்டை எடுக்க வரும்போது சத்யப்ரியா, "வேற எதாச்சும் வேணுமாப்பா" என்று கேட்பாள். வேண்டாம் என்பேன்.

மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு தடவை நேரில் பார்த்து, நீங்கள் திட்டுவதைக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நான் பெங்களூர் வாரேன். வரலாமா?

முத்திருளன்


திருநகர்
2.4.1999

அம்மாவுக்கு,

பதில் இல்லை. சித்திரை பிறக்கும் முன்னால், 13ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் வாரேன். உங்கள் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று அந்த நேரம். வீட்டில் திருச்செந்தூர் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

முத்திருளன்


பெங்களூர்
15.4.1999

முத்திருளன் சாருக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து பால்கனியில்தான் இருந்தேன். நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. இளைத்துவிட்டீர்கள். நாலா பக்கமும் பார்த்தீர்கள், கட்டடத்தை அண்ணாந்து பார்த்தீர்கள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

வருவதாக நீங்கள் எழுதிய நாளிலிருந்து, வேண்டாம் என்று எழுத உட்காருவேன். எழுத வராது. வாருங்கள் என்றும் எழுத வரவில்லை. என்ன சமைக்கலாம் என்று யோசித்தேன். முந்தின நாள் மருமகளிடம் கொஞ்சம் கூடுதலாகப் பால் வாங்கச் சொன்னேன். இதையெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன்.

கீழே வாட்ச்மேன் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், தமிழ் பேசுவான். இன்டர்காமில் கூப்பிட்டான். "மதுரையில இருந்து ஒரு பெரியவர் வந்திருக்கார்மா, மேல அனுப்பவா?" என்றான். "உங்களுக்கு என்ன வேணும்மா அவரு?" என்று கேட்டான். யார் வந்தாலும் கேட்டுச் சாயங்காலம் என் மகனிடம் சொல்ல வேண்டுமாம், மகன் ஏற்பாடு.

என்ன வேணும் என்று சொல்வது சார்? அண்ணன் என்று சொல்ல நாம் ஒரு சாதி இல்லை. கூட வேலை பார்த்தவர் என்றால் பொய். சிநேகிதர் என்று என் வயதில் ஒரு பொம்பளை எந்த வாட்ச்மேனிடம் சொல்வாள்? மன்றத்துச் செயலாளர் என்று சொல்லலாம் என்றால் அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டீர்கள். அவன் லைனில் காத்துக்கொண்டிருந்தான். பந்தல் வாசலில் நான் நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? உங்களை மன்னிக்கவும் அது உதவவில்லை, மேலே கூப்பிடவும் உதவவில்லை.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

வஞ்சம் தீர்த்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நினைத்தாலும் சரிதான். எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்டர்காமை வைத்துவிட்டு மறுபடி பால்கனிக்கு வந்து கீழே பார்த்தேன். அவனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். கொஞ்ச நேரம் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். பஸ் ஸ்டாண்டு போக வலது பக்கம் திரும்ப வேண்டும். நீங்கள் இடது பக்கம் திரும்பினீர்கள். அந்த ரோடு எங்கும் போகாது சார், கொஞ்ச தூரத்தில் கல்குவாரியில் போய் முட்டிவிடும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனீர்கள்.

நான்காவது மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். பேரனை அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் கூப்பிடவில்லை.

ஹம்சவேணி